மேலூரில் உரித்த வெங்காயம்

நாங்கள் ஊழியம் செய்யப் போன ஊர் ஒன்று. வெங்காயம் உரித்த ஊர் வேறொன்று. இரண்டின் பெயரையும் உள்ளபடி எழுதினால் இரண்டிலுமே இனி என்னை உள்ளே விட மாட்டார்கள். அதனால் தாமிரபரணி ஓடி வருகிற திசையை வைத்து மேலூர், கீழூர் என்று சொல்லிக்கொள்கிறேன். இரண்டும் ஏரல் பக்கம். இரண்டிலும் வாழைத்தோப்பு. இரண்டிலும் வெள்ளைக் கோபுரம், அதன் உச்சியில் நீல விளக்குச் சிலுவை. என் தவறுக்கு இதைவிட நல்ல சாக்கு எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

பெங்களூரில் எங்கள் தமிழ்ச் சபையின் வாலிபர் ஐக்கியம் வருஷத்துக்கு ஒருமுறை எங்காவது ஊழியப் பயணம் போகும். இந்த வருஷம் கீழூர். அங்குள்ள பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்த வேண்டும், ஞாயிறு பள்ளிக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்க வேண்டும். கல்யாணமான பெண் ஒருத்தி கூட வந்தால்தான் மகள்களை அனுப்புவோம் என்று பெற்றோர்கள் சொல்லிவிட்டார்கள். போதகரின் மனைவி ஆராதனை முடிந்ததும் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். முடியாது என்று சொல்லத் தெரியாத முகம் எது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"ரூத்தை நான் பார்த்துக்கிறேன், நீ போயிட்டு வா" என்றார் என் கணவர் சாம். ரூத்துக்கு இரண்டு வயது. சாமின் கையில் அவளை விட்டால் மூன்று வேளையும் பிஸ்கட்தான். ஆகவே அவளும் கிளம்பினாள். 'கர்த்தர் உன்னைக் காக்கிறவர்' என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை, காய்ச்சல் மருந்தில் இரண்டு வகையும் வயிற்றுப்போக்குப் பொடியும் கொசுவிரட்டியும் தண்ணீர் சுட வைக்கும் கெட்டிலும் எடுத்து வைத்தது. என் விசுவாசத்தின் எடை அந்தப் பையைத் தூக்கிய ஜெரோமுக்குத்தான் தெரியும். ஜெரோம் எங்கள் கிட்டார்க்காரன். கிட்டாரை முதுகிலும் என் விசுவாசத்தைத் தலையிலும் சுமந்து வந்தான்.

ரயிலில் எல்லோரும் கைகோத்து ஜெபித்தோம். நான்தான் முடித்தேன். "ஆண்டவரே, நாங்கள் எங்கே தேவையோ அங்கே எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தருளும்" என்றேன். ஒரு பேச்சுக்குச் சொன்னது. கீழூரைத்தான் நினைத்துக்கொண்டு சொன்னேன்.

முதல் நாள் பாளையங்கோட்டையில் தங்கினோம். மதியம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் சொதி போட்டார்கள். தேங்காய்ப்பாலில் காய்கறி மிதக்கும் வெள்ளைக் குழம்பு, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. சாம்பாரில் வெல்லம் போடுகிற ஊரிலிருந்து வந்த நாங்கள் மூன்று முறை கேட்டு வாங்கினோம். ரூத் மட்டும் வாயைப் பூட்டிக்கொண்டாள். அவளுக்குச் சோறு இறங்க வேண்டுமென்றால் எதிரே போனில் முயல் ஆட வேண்டும். நான் முயலை ஓட விட்டு ஊட்டுவதைப் பரிமாறுகிறவர் நின்று பார்த்தார்.

"பிள்ளை சாப்பிடுதா, முயல் சாப்பிடுதா?" என்றார்.

நான் வெட்கத்தோடு சிரித்தேன். போனை மட்டும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை பேருந்தில் ஏறியதும் என் பொறுப்புணர்ச்சி பொங்கியது. வாலிபர் ஐக்கியத்தில் 'போன் உபவாசம்' என்று ஒரு வழக்கம் உண்டு. ஊழிய நாட்களில் யாரும் போனைத் தொடக்கூடாது. ஆறு பேரின் போன்களையும் வாங்கி, அணைத்து, ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டினேன். என் போனுக்கு மட்டும் விலக்கு; தாய்மார்களுக்கு உபவாசத்தில் சலுகை உண்டு என்று எங்கோ படித்த ஞாபகம். அந்தப் போனில்தான் கீழூர் கிரேஸ் டீச்சரின் எண் இருந்தது. ஞாயிறு பள்ளியை நடத்துகிறவர் அவர். ஒரு மாதமாக என்னோடு பேசி எல்லா ஏற்பாட்டையும் செய்தவர். "பத்து மணிக்கு வந்திருவோம் டீச்சர்" என்று முந்தின நாள்தான் வாக்குக் கொடுத்திருந்தேன். "பிள்ளைய எல்லாம் உங்களைப் பாக்கணும்னு பறக்குதுவ" என்று அவர் சொன்னார்.

வழியில் ரூத் ஒரு இட்லி தின்றாள். ஒரு இட்லிக்கு முயல் எவ்வளவு நேரம் ஆட வேண்டும் என்பது தாய்மார்களுக்குத் தெரியும். இட்லி முடிந்தது, போனும் செத்தது.

"அக்கா, எங்கே இறங்கணும்?" என்றாள் ஷாலினி. எங்கள் கூட்டத்திலேயே அவள்தான் நிதானமானவள். கல்லூரி இரண்டாம் வருடம்.

"கோபுரம் தெரிஞ்சதும்" என்றேன். டீச்சர் போனில் அனுப்பியிருந்த கோபுரப் படம் என் கண்ணில் அப்படியே இருந்தது.

நடத்துநரிடம் "கோயில் ஸ்டாப்" என்று டிக்கெட் கேட்டேன். அந்தப் பக்கத்தில் கிறிஸ்தவர்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வார்கள் என்று படித்திருந்தேன்.

"எந்தக் கோயிலுங்கேன்? இங்கன ஊருக்கு ரெண்டு கோயில்லா இருக்கு!" என்றார் அவர்.

நான் ஊர்ப் பெயரைச் சொல்ல வாயெடுத்த நேரம் பார்த்து வாழைத்தோப்புக்கு மேலே வெள்ளைக் கோபுரமும் நீலச் சிலுவையும் எழுந்து நின்றன. "இதுதான்! இறங்குங்க, இறங்குங்க!" என்று கத்தினேன். ஷாலினி "கேட்டுட்டு இறங்கலாமே அக்கா" என்றாள். நான் ஏற்கெனவே படியில் நின்றேன்.

நிறுத்தத்தில் எங்களுக்காகவே ஆட்கள் காத்திருந்தார்கள். அதற்குப் பிறகு யார்தான் சந்தேகப்படுவார்கள்? வெள்ளை வேட்டியில் ஒருவர் வேகமாக வந்தார். துரைராஜ் அண்ணாச்சி, மளிகைக்கடை வைத்திருக்கிறவர்.

"வாங்க, வாங்க! விடியவே வருவியன்னு பாத்தோம். பிள்ளையையும் தூக்கிட்டு வந்திருக்கிய, நல்ல மனசு. மொதல்ல காப்பித்தண்ணி குடிங்க."

காப்பி வந்தது, கூடவே சுடச்சுட உளுந்தவடை. பெங்களூரில் எங்கள் சபைக்கு வெளியூர்க் குழு வந்தால் முதலில் வரவேற்புரை இருக்கும், பிறகுதான் டீ. இங்கே வடை கையில் இருக்கும்போதே எங்களைக் கோயில் வளாகத்துப் பந்தலுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். பந்தலுக்குள் சின்ன வெங்காயம் ஒரு குன்று போலக் கிடந்தது. சுற்றிப் பெண்கள், கையில் கத்தி.

"உக்காருங்க மக்கா" என்றாள் ஞானப்பூ அக்கா. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். "பையப் பைய உரிங்க. கை வெட்டிராதிய."

பிள்ளைகள் எங்கே என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஊழியக்காரர்களின் தாழ்மையைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்து, அதை மற்றவர்களுக்கும் காதோடு சொன்னேன். "இது ஒரு பாடம். முணுமுணுக்காம உரிங்க." ஜெரோம் கண்ணீர் வழிய உரித்தான். ஷாலினி மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அன்று மேலூர்க் கோயிலில் பிரதிஷ்டைப் பண்டிகை, அதாவது கோயிலைக் கட்டித் திறந்த நாள். சாயங்காலம் அசனம். திருநெல்வேலிச் சபைகளைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அசனம் என்றால் ஊர்ச்சோறு. கோயில் வளாகத்தில் அண்டா அண்டாவாகச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் காய்ச்சி, ஜெபித்து, வருகிற எல்லோருக்கும் தரையில் இலை போட்டுப் பரிமாறுவார்கள். சாதி, மதம், கூப்பிட்டது, கூப்பிடாதது என்று ஒன்றும் கிடையாது. அந்த வேலைக்கு உதவியாகப் பாளையங்கோட்டையிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வருவதாக இருந்ததாம்; அவர்களைக் கடைசிவரை காணவில்லை. அவர்கள் என்று நினைத்துத்தான் எங்களுக்கு வடை கொடுத்திருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிய மதியம் ஆகிவிட்டது.

வெங்காயம் முடிந்து, இஞ்சியும் முடிந்து, பூண்டு வந்தபோது ரூத் சாப்பாட்டுக்கு அழுதாள். முயலுக்காகப் பந்தலை ஒட்டியிருந்த, போதகருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் வீட்டில் போனைச் சார்ஜில் போட்டேன். உயிர் வந்ததுமே அது அதிர ஆரம்பித்தது. கிரேஸ் டீச்சரின் அழைப்புகள். அப்புறம் செய்திகள். "எங்க வந்துட்டு இருக்கிய?" "பஸ்ஸு கெடைக்கலையா?" "பிள்ளைய பாட்டுப் பாடிட்டு உக்காந்திருக்கு." "சோறு வடிச்சாச்சு." கடைசியாக, "யம்மா, ஒண்ணும் ஆபத்தில்லையே?"

உடனே கூப்பிட்டேன்.

"டீச்சர், நாங்க வந்துட்டோம். வெங்காயம்கூட உரிச்சாச்சு."

"எங்கன?"

நான் கோபுரத்தைச் சொன்னேன், பந்தலைச் சொன்னேன், துரைராஜ் அண்ணாச்சியைச் சொன்னேன்.

"மேலூர்லயா இருக்கிய?" என்றார் டீச்சர். முந்தின நாள் கேட்ட குரல் இல்லை அது. "அங்கன கை நனைச்சிட்டியளா?"

"காலையில காப்பியும் வடையும்தான்..."

"சரி, வடை போவட்டும். அசனத்துல மட்டும் கை நனைச்சிராதிய. நனைச்சா இங்கன வர வேண்டாம்." வைத்துவிட்டார்.

நான் திரும்பினால் துரைராஜ் அண்ணாச்சி வாசலில் நின்றார். எல்லாம் கேட்டிருந்தது.

"கீழூருக்கு வந்தவங்களா நீங்க?"

"ஆமா அண்ணாச்சி. தெரியாம இறங்கிட்டோம். இப்பவே கிளம்பிடறோம்."

"எப்படிக் கெளம்புவிய? காலையில இருந்து எங்க வெங்காயத்தை உரிச்சிட்டு, அசனச்சோறு திங்காமப் போனா ஊர் எங்களைத் துப்பாதா? அதெல்லாம் முடியாது. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

சாப்பிட்டால் கீழூர் எங்களைச் சேர்க்காது. சாப்பிடாவிட்டால் மேலூருக்கு அவமானம். காலையிலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளையும் ஏமாற்ற முடியாது. வீட்டில் இந்த மாதிரிச் சமயங்களில் நான் ஒன்று செய்வேன்: யோசிக்காமல் எல்லோரையும் ஒரே மேஜைக்குக் கூப்பிட்டுவிடுவேன். மறுபடியும் டீச்சரை அழைத்தேன்.

"டீச்சர், பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு நீங்களும் இங்க வந்துடுங்களேன். எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டுட்டு அங்க போயிடலாம்."

அவர் வைத்துவிட்டார். நிமிர்ந்து பார்த்தால் பந்தலில் ஒரு கத்திகூட அசையவில்லை.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணிட்ட!" என்றாள் ஞானப்பூ அக்கா. பிறகு என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக் கதையைச் சொன்னாள். கீழூரும் முன்பு இதே சபைதான். தனிக்கோயில் கட்டிய பிறகும் அசனத்துக்கு இங்கேதான் வருவார்கள். ஒரு வருஷம் கூட்டம் அதிகம். கீழூர்க்காரர்கள் உட்கார்ந்த வரிசைக்கு வரும்போது கறி முடிந்துவிட்டது. வெறும் ரசம்தான் வந்தது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று அவர்கள் இலையை மடக்கிவிட்டு எழுந்தார்கள். முதலில் எழுந்தவர் கிரேஸ் டீச்சர். அன்றிலிருந்து போக்குவரத்து இல்லை.

"அன்னைக்கு அந்த வரிசைக்குக் காலி வாளியத் தூக்கிட்டுப் போனது யாருன்னு நெனைக்க?" என்று அவள் குரலைத் தணித்தாள். தலையால் காட்டினாள். துரைராஜ் அண்ணாச்சி அடுப்புப் பக்கம் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். "டீச்சர் அவருக்கு மைனி முறை. கூடப்பொறந்த அண்ணன் மாதிரி இருந்த பெரியப்பா மகன் பெஞ்சாதி. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை கெடையாது."

நான் போய் மூலையில் நின்று ஜெபித்தேன். ஜெபம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். ஆண்டவரிடம் என்னைத் திருப்பிப் பெங்களூரில் போடச் சொல்லிக் கெஞ்சினேன். சாமுக்கும் அழைத்தேன். அவர் முழுக்கதையையும் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் ரூத் அப்பா அப்பா என்று போனைப் பிடுங்கினாள்.

சாயங்காலம் மணி அடித்தது. மேலூர்ப் போதகரான ஐயர் ஜெபித்து முடித்ததும் ஓலைப்பாயில் கொட்டியிருந்த சோற்றிலிருந்து ஆவி கிளம்பியது. அப்படி ஒரு கூட்டத்தை நான் கல்யாண வீட்டிலும் பார்த்ததில்லை. நெற்றி நிறையத் திருநீறு பூசியவர்களும் தொப்பி வைத்தவர்களும் வரிசையில் இருந்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வாளி கொடுத்தார்கள். ஜெரோமுக்குச் சோறு, ஷாலினிக்குத் தண்ணீர், எனக்குக் கறிக்குழம்பு. ரூத்தை ஞானப்பூ அக்கா இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

கறி முடிந்துபோன கதையைக் கேட்டவளிடம் கறி வாளியைக் கொடுக்கலாமா? கரண்டியில் பாதிதான் எடுத்தேன். அதிலும் பாதியை வாளிக்கே திருப்பி விட்டேன். ஒரு துண்டுக் கறி, மேலே கொஞ்சம் குழம்பு. அடுத்த இலை. வரிசையின் நடுவே ஒரு அம்மா என் கையைப் பிடித்தார்.

"ஏட்டி, என்ன இது, கண்ணுக்குச் சொட்டு மருந்தா விடுத?"

வரிசையே சிரித்தது. "பெங்களூர்க் கரண்டி வே, அங்கன தண்ணியும் இப்பிடித்தான் குடுப்பாவளாம்" என்றார் ஒருவர். நான் முகம் சிவந்து இரண்டு கரண்டி தாராளமாக ஊற்றினேன். அடுத்த இலையில் கை தானாகக் குறுகிவிட்டது. அசனத்தில் கரண்டியை அளக்கக் கூடாது, எதிராளி கை காட்டும்வரை ஊற்ற வேண்டும் என்று ஷாலினி இதற்குள் தெரிந்துகொண்டு எனக்குச் சொன்னாள். எனக்கும் புரிந்தது. கைக்குத்தான் புரியவில்லை.

கடைசியில் அதைவிட மோசமான காரியம் ஒன்று செய்தேன். அடுப்படியிலிருந்து நிறைந்து வந்த ஒரு வாளியை அப்படியே பந்தலுக்குப் பின்னால் கொண்டுபோய், மேலே என் துப்பட்டாவைப் போட்டு மூடினேன். டீச்சர் வருவார் என்று எந்த நிச்சயமும் இல்லை. வந்துவிட்டால்? ஒரு தாயின் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

திரும்பினால் துரைராஜ் அண்ணாச்சி.

அவர் என்னைப் பார்த்தார், துப்பட்டாவைப் பார்த்தார். அசனக் கறியை ஒளிப்பது எவ்வளவு பெரிய அசிங்கம் என்று எனக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. ஊரைக் கூட்டிவிடுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து துப்பட்டாவை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"துணியில கொழம்பு பட்டா போகாது" என்றார். ஒரு வாழை இலையை வாளியின் மேல் வைத்து, காற்றில் பறக்காமல் ஒரு கல்லையும் வைத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

பாதிக்கூட்டம் எழுந்து போன பிறகு, வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. பின்னால் பிள்ளைகள் அடைத்துக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் புதுச்சட்டையில், எண்ணெய் வழியும் தலையோடு. முன்னாலிருந்து ஒல்லியாக ஒரு பெண்மணி இறங்கினார். வாயைத் திறந்ததும் தெரிந்தது, போனில் கேட்ட குரல்தான்.

"நான் கறிக்கு வரல" என்றார், யாரையும் பார்க்காமல். "பிள்ளைய எல்லாம் விருந்தாளியப் பாத்தாத்தான் ஆச்சுன்னு அழுதுட்டு கெடந்துது. கூட்டிட்டுப் போக வந்தேன்."

பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் பழைய கணக்கு புரியவில்லை. குழம்பு வாசனை புரிந்தது. ஒரு சிறுமி இறங்கி ஓடி, காலியாக இருந்த வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஓடினார்கள். ஜெரோம் யாரையும் கேட்காமல் இலை போட ஆரம்பித்தான். நான் டீச்சரிடம் போனேன். ஒரு மாதமாகப் பேசிய மனுஷியை முதல்முறை நேரில் பார்க்கிறேன். மன்னிப்பு என்று ஆரம்பித்து அழுகையில் முடித்தேன்.

"அழாதிய, உக்காருங்க. நின்னுக்கிட்டே இருந்தா எனக்குக் கால் வலிக்கி" என்று அவர் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் எந்த இடத்தில் உட்கார்ந்தோம் என்று உணர்ந்தவர்போல ஒரு தரம் அசைந்தார். எழுந்திருக்கவில்லை.

ஒளித்து வைத்திருந்த அந்த வாளியை நான் எடுக்கப் போவதற்குள் துரைராஜ் அண்ணாச்சி தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வரிசையின் அந்தக் கோடியிலிருந்து ஊற்றிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் போதும் போதும் என்று கை காட்டியும் ஊற்றினார். டீச்சர் இலைக்கு வந்ததும் அவர் கை கொஞ்சம் நின்றது. பிறகு நல்ல எலும்பும் சதையுமாகப் பார்த்து இரண்டு கரண்டி வைத்தார். டீச்சர் கை காட்டவில்லை. அண்ணாச்சி மூன்றாவதும் வைத்தார்.

டீச்சர் பிசைந்து, ஒரு வாய் வைத்தார். மெல்ல மென்றார். அவ்வளவு பெரிய வளாகத்தில் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்ப்பதுபோல இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கறி வந்துச்சா, மைனி?" என்றார் துரைராஜ் அண்ணாச்சி. குரல் ஒரு மாதிரி இருந்தது.

"வந்துச்சு, வந்துச்சு." டீச்சர் அடுத்த கவளத்தை உருட்டினார். "உப்புதான் கொஞ்சம் கம்மி."

"அடுத்த வருசம் நீங்களே வந்து உப்பு போடுங்க."

"கூப்பிட்டாத்தான வருவேன்."

"கூப்பிடுதேன்."

உப்பு எடுத்து வரட்டுமா என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். ஷாலினி என் காலை ஓங்கி மிதித்தாள்.